மாங்கன்று என்று வளர்த்த செடி

எழுபதைக் கடந்த ஓர் அம்மா, போன ஆவணியில் எங்கள் நாற்றுப்பண்ணைக்கு வந்தார். கையிலிருந்த பாலித்தீன் பையில் நான்கு இலைகள் இருந்தன. மறுநாள் பேத்தியின் பிறந்தநாள். வீட்டில் கணபதி ஹோமம். கலசத்துக்கு மாவிலை வேண்டுமே என்று பால்கனித் தொட்டியில் வளர்ந்த மாங்கன்றிலிருந்து பறித்திருக்கிறார். "கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் சொட்டியதம்மா. மாங்காய்க் காம்பில் பால் வரும், தெரியும். இலையில் இப்படி வந்து நான் பார்த்ததில்லை" என்றார்.

மகனுக்கு இந்தச் சந்தேகம் இல்லை. கைபேசிச் செயலியில் படம் எடுத்துப் பார்த்ததில் 'மா' என்றே வந்ததாகச் சொன்னார்.

ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். மாவிலையைக் கசக்கினால் மாங்காயை அரிந்தது போன்ற வாசம் உடனே எழும். இதில் வெறும் பச்சிலை வாடை மட்டுமே இருந்தது. "விதை எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டேன். கோடை விடுமுறையில் ஆலப்புழைக்குப் படகுவீட்டில் தங்கப் போனபோது, காயல் கரையோரம் ஒதுங்கிக் கிடந்ததைப் பேத்தி எடுத்து வந்தாளாம். நார்நாராக இருந்ததால் மாங்கொட்டை என்று நினைத்து மண்ணில் புதைத்திருக்கிறார்கள்.

காயல் கரை என்றதுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் தொட்டியைப் பார்க்காமல் பெயர் சொல்ல மனம் ஒப்பவில்லை. மகனை அனுப்பித் தொட்டியையே கொண்டுவரச் சொன்னேன். தண்டின் அடியில் மேல்மண்ணை மெல்ல விலக்கியபோது பழைய கொட்டை இன்னும் அங்கேயே இருந்தது. மாங்கொட்டை தட்டையானது, ஒரு பக்கம் சற்று வளைந்திருக்கும். இதுவோ உருண்டு திரண்டு, தேங்காய் நாரை வலையாகப் பின்னியது போலிருந்தது. இலைகள் தண்டின் நுனியில் நெருக்கமாகச் சுற்றி அமர்ந்திருந்தன. மாவின் கொழுந்து செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். இதன் கொழுந்து பளபளக்கும் பச்சை. பாலும் சேர்ந்துகொண்ட பிறகு ஐயத்துக்கு இடமில்லை. அது உதளை. காட்டரளி என்றும் சொல்வார்கள், மலையாளத்தில் ஒதளம்.

அரளிக் குடும்பத்து மரம் இது. 17ஆம் நூற்றாண்டில் மலபார்த் தாவரங்களைத் தொகுத்த டச்சு அதிகாரி வான் ரீட் இந்த மலையாளப் பெயரைப் பதிந்து வைத்தார்; அதுவே 'செர்பெரா ஒடல்லம்' என்ற அறிவியல் பெயரின் பின்பாதியாக நிலைத்தது. முன்பாதி, கிரேக்கக் கதைகளில் பாதாளத்தின் வாயிலைக் காக்கும் செர்பெரஸ் என்ற நாயின் பெயரிலிருந்து வந்தது. காரணத்தோடுதான் அப்படி வைத்தார்கள். இதன் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் செர்பெரின் என்ற நஞ்சு உள்ளது. இதயத் தசையின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றிக் கடத்தும் பொறியமைப்பை அது முடக்கிவிடும். வாந்தி வரும், நாடி தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். நஞ்சு மிகுதியாக இருப்பது பருப்பில் என்றாலும், மரத்தின் மற்றப் பாகங்களையும் வாயில் வைக்கக் கூடாது.

கலச நீரில் அந்த இலைகள் இரவெல்லாம் ஊறி, காலையில் அதுவே தீர்த்தமாக வீட்டிலுள்ள எல்லோர் கைக்கும் போயிருக்கும் என்பதை நினைத்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்த அம்மா ஒரு சொட்டுப் பாலை அலட்சியம் செய்யாமல் விட்டாரே, அதற்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

18 ஆண்டுகளாகச் செடிகளுக்குப் பெயர் சொல்லும் வேலையில் இருக்கிறேன். பெரிய கொட்டையிலிருந்து முளைத்த பெயர் தெரியாத செடியோடு வருபவர்கள் பெரும்பாலும் ஓர் இலையைத்தான் கொண்டுவருகிறார்கள், அல்லது இலையின் படத்தை அனுப்புகிறார்கள். இளங்கன்றின் தனி இலை எவரையும் ஏமாற்றும், செயலியையும் ஏமாற்றும். கொட்டைதான் முக்கியம். முளைத்ததும் ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். நடும் முன்பே அளவு தெரியும்படி ஒரு நாணயத்தோடு வைத்துப் படம் எடுங்கள். எந்த ஊரில், எந்த மரத்தடியில், எந்த நீரோரத்தில் எடுத்தீர்கள் என்று தொட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். இலை தண்டோடு சேரும் இடத்தையும், இலையின் அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள். இலைகள் எதிரெதிராக அமர்ந்து, மயிரிழை போன்ற நரம்புகள் நெருக்கமாக ஓடினால் புன்னையாக இருக்கலாம்.

பால் வந்தாலே நஞ்சு என்று ஓடவும் வேண்டாம். பலாவிலும் பால் வரும், சப்போட்டாவிலும் வரும். ஆனால் பெயர் உறுதியாகும்வரை அந்த இலையால் தோரணம் கட்டாதீர்கள், ஆட்டுக்குப் போடாதீர்கள், மாவிலையைச் சுருட்டிப் பல் தேய்ப்பது போல் இதிலும் செய்துவிடாதீர்கள். கிள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள்.

குழந்தை எதையாவது கடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கடித்த மிச்சத்தையும் செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன செடி என்று தெரிந்தால், இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவருக்கு முதல் நிமிடத்திலேயே புரியும்.

மகன் தொட்டியை அப்படியே குப்பையில் கொட்டிவிடலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. உப்பு நீரோரத்தில் நின்று வளரும் மரம் அது. கேரளத்தில் வேலியாகவும் நடுகிறார்கள். அழகான வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கண். நான்கு வயதுக் குழந்தை ஓடியாடும் பால்கனிதான் அதற்கு இடமில்லை. நானே வாங்கி, பண்ணையில் வேலி போட்ட பகுதியில் வைத்து, பெயரும் எச்சரிக்கையும் எழுதிய பலகையை நட்டேன்.

எங்கள் பண்ணை வாசலில் ஒரு நாட்டு மாமரம் இருக்கிறது. புறப்படும் முன் அந்த அம்மா அதிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி, கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு இன்னும் பத்து இலைகள் பறித்து மடியில் கட்டிக்கொண்டார்.