பாட்டினா: பழுப்பா, பழுதா?

பழைய கைக்கடிகாரம் விற்பவர் “டயலில் நல்ல பாட்டினா ஏறியிருக்கிறது” என்று சொன்னால், விலையை ஏற்றப்போகிறார் என்று பொருள். கையில் வாங்கிப் பார்த்தால் கறுப்பு டயல் காப்பி நிறமாகியிருக்கும், வெள்ளை டயல் மஞ்சளித்திருக்கும். நிறம் போனதற்குக் காசு குறையத்தானே வேண்டும்?

டயல் என்ற சொல்லுக்குள் நாள் இருக்கிறது. நாளைக் குறிக்கும் ‘தியேஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, சூரியக் கடிகாரத் தட்டைச் சுட்டி, பிறகு கடிகாரத்தின் முகப்புக்கு வந்து சேர்ந்தது. முகப்பு என்றே தமிழில் எழுதலாம், குறையில்லை. பாட்டினாதான் முரண்டு பிடிக்கிறது.

லத்தீனில் பாட்டினா என்பது ஆழமில்லாத அகன்ற தட்டு. இத்தாலிய ஓவியர்கள் கையில் அது வேறு பொருள் கொண்டது. 1681இல் பிலிப்போ பால்தினூச்சி ஃபிளாரன்ஸில் வெளியிட்ட கலைச்சொல் அகராதி, காலம் ஓவியத்தின்மேல் படரவிடும் கருமை என்று இதை விளக்குகிறது. அந்தக் கருமை சில வேளை ஓவியத்துக்கு அழகும் சேர்க்கும் என்கிறது. அந்தச் ‘சில வேளை’யை வைத்துத்தான் இன்றைய கடிகாரச் சந்தை பிழைக்கிறது.

அகராதியைப் புரட்டினால் பாட்டினாவுக்குக் களிம்பு என்று இருக்கும். செம்புக்கும் வெண்கலத்துக்கும் சரிதான். ஆனால் தமிழில் களிம்பு நல்ல பெயர் எடுத்ததே இல்லை. ஆணவ மலம் உயிரைப் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமையே செம்பில் களிம்பு. வீட்டிலோ புளி போட்டுத் தேய்த்தால்தான் பாத்திரத்துக்கு மரியாதை. இந்தத் தேய்க்கும் கையைப் பழைய டயல்மேல் வைத்துவிட்டால் விலை அன்றோடு போயிற்று.

எனக்குப் பிடித்த சொல் பழுப்பு. பழு என்ற வினையிலிருந்து வந்தது. இலை பழுத்தால் வரும் நிறம். நிறத்தையும் முதிர்ச்சியையும் ஒரே சொல் சுமக்கிறது. 1950, 60களின் ஒமேகா, ரோலெக்ஸ் கறுப்பு டயல்கள் சில, பூச்சின் குறையாலும் வெயிலாலும் பழுப்பாயின. ‘டிராப்பிக்கல் டயல்’ என்று சேகரிப்பவர்கள் கொண்டாடுவது இதைத்தான். பழுத்தது வேறு, அழுகியது வேறு என்று பழக்கடையில் நாம் பிரிப்பதுபோலவே அவர்களும் பிரிக்கிறார்கள். நிறம் சீராக மாறி எழுத்துகள் முழுதாக இருந்தால் பழுப்பு. ஈரம் புகுந்து பூச்சு உரிந்து, கறை திட்டுத்திட்டாக நின்றால் பழுது.

எல்லா டயலும் பழுப்பதில்லை. உலோகத் தகட்டில் கண்ணாடிப் பொடியைச் சுட்டுப் படியவைத்த எனாமல் டயல் நூறாண்டு கழித்தும் வெளுப்பாகவே இருக்கும். அதற்கு வரும் நோய் மயிரிழை விரிசல். இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்துப் பூசியவை, 1960கள் முதல் டிரிட்டியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் சேர்த்துப் பூசியவை உண்டு. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12 ஆண்டு என்பதால் ஒளி எப்போதோ அணைந்திருக்கும், மஞ்சள் நிறம் மட்டும் மிஞ்சும். அந்த மஞ்சள் டயலிலும் முள்ளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முள் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் பின்னால் மாற்றியது.

வகையும் விலை பேசும். ரோலெக்ஸ் டேடோனாவில் சாதாரண டயலும் உண்டு, டயலுக்குள் இருக்கும் சிறு வட்டங்களின் கோட்டு முனையில் குட்டிச் சதுரம் வைத்த அலங்கார டயலும் உண்டு. இரண்டாவதைப் புதிதில் அதிகம் பேர் சீந்தவில்லை. நடிகர் பால் நியூமன் கட்டியதால் இன்று அதற்கு அவர் பெயர். அவருடைய சொந்தக் கடிகாரம் 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அதில் டயலுக்கு எவ்வளவு, கட்டிய கைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பழுப்புக்குப் பணம் என்றானதும் மாம்பழத்துக்கு நடந்தது இங்கேயும் நடந்தது. டயலை அடுப்பில் வாட்டுகிறார்கள், ஒளிப்பூச்சைத் தேநீர்ச் சாயத்தால் மஞ்சளாக்குகிறார்கள். கல் வைத்துப் பழுக்கவைப்பது என்று சொன்னால் நம்மவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பழுப்பு அசல்போல் தெரிந்தாலும் மற்றதெல்லாம் அசல் என்று ஆகிவிடாது. 2021இல் ஜெனீவாவில் பழுப்பு முகப்போடு ஒரு 1957 ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு ஏலம் போனது. பல கடிகாரங்களின் பாகங்களைக் கூட்டிச் சேர்த்தது அது என்று 2023இல் தெரியவந்தது. அதை ஏலத்தில் எடுத்தது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம்.

நம் ஊரில் சிக்கல் நேர்மாறானது. பழைய எச்எம்டி என்ற பெயரில், பழுப்பை வழித்தெறிந்துவிட்டு நீலமும் சிவப்புமாக மறுபூச்சு அடித்த டயல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கட்டிக்கொள்ள அழகாகவே இருக்கும். ‘ரீடயல்’ என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. சேகரிப்பவர்கள் கேட்டதும் கடிகாரத்தைக் கீழே வைத்துவிடுவார்கள்.