துணி காயப்போட்டால் ஏன் மூச்சு வாங்குகிறது?

சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் சீட்டில் எழுதும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தெருமுனை வரை மெதுவாக நடந்துவிடலாம், கொடியில் ஈரத்துணி காயப்போடத்தான் முடியவில்லை என்று சிலராவது சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது சாக்குப்போக்காகத் தெரியும். சாக்கு இல்லை.

சும்மா இருக்கும்போது மூச்சை இழுக்கத்தான் தசை வேலை செய்ய வேண்டும். வெளியே விடுவது, ஊதிய பலூன் சுருங்குவதுபோல, தானாக நடக்கும். பல வருடப் புகையில் நுரையீரல் அந்தச் சுருங்கும் தன்மையை இழக்கிறது, மூச்சுக்குழாய்களும் குறுகுகின்றன. புகை என்றால் பீடி, சிகரெட் மட்டுமல்ல, விறகடுப்பும்தான். ஆக, இங்கே பெரிய சிக்கல் உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராததுதான்.

உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 4 விநாடி. சமாளித்துவிடலாம். நடக்கும்போது அது 30 ஆனால் 2 விநாடிதான். பழைய காற்று போய் முடிவதற்குள் அடுத்த மூச்சு வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் இறங்காத பஸ்ஸில் யார் ஏற முடியும்? காற்று தேங்கித் தேங்கி நெஞ்சு உப்புகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. அப்போது கழுத்து, தோள்பட்டைத் தசைகள் கைகொடுக்க வருகின்றன. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலோ, அந்தத் தசைகளுக்கு வேறு வேலை வந்துவிடும். கொடியின் ரகசியம் இதுதான். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்வதும், குழாய்கள் மூடிக்கொள்ளாமல் காற்று நிதானமாக வெளியேறட்டும் என்றுதான்.

மூச்சு வாங்குமே என்று பயந்து நடையைக் குறைப்பது இயல்பு. "நீங்க உட்காருங்கப்பா" என்று நாமும் தண்ணீர்ச் சொம்பு வரை கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். 2005இல் வெளியான பெல்ஜியம் ஆய்வு ஒன்றில், இந்த நோயாளிகள் பகலில் சராசரியாக 44 நிமிடமே நடந்தார்கள். அதே வயதை ஒட்டிய ஆரோக்கியமானவர்கள் 81 நிமிடம். நடக்காத காலில், களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் தசை இழைகள் குறைகின்றன. சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதைச் சரிக்கட்ட உடம்பு இன்னும் வேகமாக மூச்சு விடுகிறது. வேகமான மூச்சென்றால் மறுபடி அதே தேக்கம்!

அதனால்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் காலுக்கு அவ்வளவு கவனம். சில வாரங்களில் நடக்கும் தூரம் கூடுகிறது. நுரையீரலின் திறனை அளக்க ஊதிப் பார்க்கும் சோதனையின் எண்ணோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மாறியது தசை. சிலருக்கு நடக்கையில் ரத்த ஆக்சிஜன் இறங்கும் என்பதால், விரலில் கருவி மாட்டிப் பார்த்த பிறகே எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டர் சொல்வார்.

ஒரு வேடிக்கை: ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கூடுதல் தூரம் நடந்து காட்டியவர்களில் பலர், வீட்டுக்குப் போனதும் பழைய நாற்காலிக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே இப்போது இடுப்பில் காலடி எண்ணும் கருவியை மாட்டி அனுப்பி, போன வாரத்தைவிடச் சில நூறு அடிகள் கூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.