முதுகுப்பை பறித்த விரல்கள்

வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை என்று இன்னொருவர் வந்துவிட்டார். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சைக்கிள், ஏறக்குறைய 150 கிலோமீட்டர், முதுகில் பெரிய பை. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துக் கிடக்கின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். தட்டையாக அழுத்திப் பிடிக்க இயலாமல் கட்டைவிரலின் நுனி மடங்கியது. சுண்டுவிரல் பக்கத்துக்கு உணர்வும் பிடிக்கு வலுவும் தருகிற உல்நார் நரம்பு நசுங்கியிருக்கிறது. (ஸ்கேன் எடுக்கலாமா என்றார்.

"மலையேறுகிறவர்கள் 15 கிலோவை முதுகில் சுமக்கவில்லையா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. நடக்கிறவர் நிமிர்ந்திருக்கிறார், இடுப்புப் பட்டை சுமையை இடுப்புக்கும் கால்களுக்கும் இறக்கிவிடும். நீங்களோ குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். முதுகுச் சுமையில் ஒரு பங்கு தோள் வழியாக உள்ளங்கைக்கு வரும், மீதி சீட்டுக்கு. அந்த நரம்பு ஓடுவது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில். ஹேண்டில்பார் அழுத்துவதும் அங்கேயேதான். சுமையே இல்லாமல் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கும் இது வருகிறது. பிறகு ஏன் மேலும் எடை ஏற்றுகிறீர்கள்? தடித்த கையுறை அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், எடையைக் குறைக்காது. பை என் முதுகில் இருந்தால் சைக்கிளுக்குச் சுமை இல்லை என்ற கணக்கும் வேண்டாம். பையோடு உங்களையும் சேர்த்துத்தான் சைக்கிள் சுமக்கிறது.

பால்காரர் கேன்களைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிடுகிறார் அல்லவா? அப்படியே கேரியரின் இரு பக்கமும் பை மாட்டுங்கள். இரண்டிலும் சம எடை, கனமானவை அடியில். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கக் கூடாது. தொங்கும் வார்களைச் சுருட்டிக் கட்டாவிட்டால் ஸ்போக்கில் சிக்கும். ஹேண்டில்பார் பையில் பணமும் போனும் போதும்.

அதற்கும் முன்னால் பையைக் கொட்டிப் பாருங்கள். இவருடையதில் இரண்டு ஜீன்ஸ். நனைந்தால் ஓர் இரவில் காயாத துணி. தண்ணீர் நான்கு லிட்டர், அதாவது நான்கு கிலோ. மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம் என்று வழியெல்லாம் ஊர்கள் இருக்கிற சாலையில் எதற்கு? இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு, காலியாகும் முன் நிரப்பினால் ஆயிற்று. ஓட்ட ஒரு செட், மாற்ற ஒரு செட், மழைக்கோட்டு, உபரி டியூப், பஞ்சர் சாமான், பம்பு. தயவுசெய்து இவ்வளவோடு கிளம்புங்கள்.

வழியில் கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், மணிக்கட்டை மடக்காதீர்கள். ஓரிரு நாளில் மரப்பு போகாவிட்டாலோ பிடி தளர்ந்தாலோ சைக்கிளைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து என்னிடம் வராதீர்கள்.