கிரியாட்டினின் இறங்கிய பிறகு

கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் செயலிழந்த விவசாயி ஒருவர், இரண்டு வாரம் டயாலிசிஸ் செய்துகொண்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீர் தாராளமாகப் பிரிகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் இயல்பான அளவான 1.1க்கு இறங்கிவிட்டது. கண்டம் கழிந்தது என்று வீட்டார் குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் இப்படி மீண்டவர்களில் ஒரு பகுதியினர் சில ஆண்டுகளில் நாள்பட்ட சிறுநீரக நோயோடு மருத்துவரிடம் வருகிறார்கள். நஞ்சோ எப்போதோ உடலை விட்டுப் போய்விட்டது. பிறகு யார் கெடுத்தது?

பழியில் பெரும்பங்கு, காக்க வந்த நோய் எதிர்ப்புச் செல்களுக்கே சேரும்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர்தான். மற்றதையெல்லாம் நுண்குழல்கள் மீட்டு ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. இதில் பாதிக்கு மேற்பட்ட வேலை, வடிகட்டியை அடுத்துள்ள சுருள் குழலின் செல்களுடையது. அவற்றில் ஒரு பகுதி குடியிருப்பதோ, சாதாரண நாளிலேயே ஆக்சிஜனுக்குத் தட்டுப்பாடான உள்பகுதியில். நஞ்சு, கடும் வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், கண்டபடி விழுங்கிய வலி மாத்திரை என எது வந்தாலும் பெரும்பாலும் அடிபடுவது இவைதான்.

சாகும் செல் வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே சிந்துகிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி, ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ போன்றவை செல்லுக்குள் இருக்கும்வரை அன்றாடச் சாமான்கள். வெளியே வந்தால் அவையே அபாயச் சங்கு. மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை ஒரு பாக்டீரியா என்பதால், அதன் டிஎன்ஏவிலும் பாக்டீரியாவின் சாயல் உண்டு. கிருமியை மோப்பம் பிடிக்க அமைந்த டிஎல்ஆர் ஏற்பிகள் இதையும் பிடித்துக்கொள்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியரை மட்டுமல்ல, ஆபத்தையே தேடுகிறது என்று நோய் எதிர்ப்பியல் அறிஞர் பாலி மட்சிங்கர் 1994இல் வாதிட்டபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. கிருமியே இல்லாமல் கொந்தளிக்கும் சிறுநீரகத்தைப் பார்த்தால் அவர் பக்கம் சாயத் தோன்றுகிறது.

சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து இறங்குகின்றன. காயம்பட்ட குழல் செல்கள் சிசிஎல்2 என்ற புரதத்தை விட்டு மோனோசைட் என்ற வேறு வகை வெள்ளையணுக்களையும் அழைக்கின்றன. அவை திசுவுக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்களாகின்றன. முதலில் அவை கொதிப்பை ஏற்றுகின்றன. சில நாள்களில் குணம் மாறி, செத்த செல்களை விழுங்கி, குழல் வளரத் துணை நிற்கின்றன. எலிகளில் காயத்துக்கு முன்பே மேக்ரோஃபேஜ்களை நீக்கினால் சேதம் குறைகிறது. சில நாள் கழித்து நீக்கினால் குணமாவதே தடைப்படுகிறது. கெட்டது, நல்லது என்று இவற்றுக்கு முத்திரை குத்தவே முடியாது. எல்லாம் நேரத்தைப் பொறுத்தது.

கோளாறு தொடங்குவதும் இந்த நேரக் கணக்கில்தான். தப்பிய குழல் செல்கள் பிரிந்து பெருகி வெற்றிடத்தை மூட வேண்டும். காயம் கடுமையானால் சில செல்கள் பிரியப் போய் நடுவழியில் நின்றுவிடுகின்றன. 2010இல் எலிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டது. இந்தத் திரிசங்கு செல்கள் பிரிவதுமில்லை, சாவதுமில்லை. தழும்பைத் தூண்டும் புரதமான டிஜிஎஃப்-பீட்டா உள்ளிட்ட சமிக்ஞைகளை மட்டும் ஓயாமல் உமிழ்கின்றன. அழைப்பு நிற்காததால் மேக்ரோஃபேஜ்களும் கலைவதில்லை. தம் பங்குக்கு அவையும் டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரக்கின்றன. தந்துகிகள் எனும் நுண் ரத்தக் குழாய்களை அணைத்திருந்த பெரிசைட் செல்கள் பிடியை விட்டு, கொலாஜன் நார் நெய்யும் செல்களாக மாறுகின்றன. அதாவது தழும்பு. அணைப்பு போன தந்துகிகள் நலிகின்றன. ஆக்சிஜன் மேலும் குறைகிறது, இன்னும் சில குழல் செல்கள் சாகின்றன, மறுபடியும் சங்கு ஊதுகிறது.

டிஜிஎஃப்-பீட்டாவை மடக்கினால் போதாதா? நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளிடம் அதற்கெதிரான ஆன்டிபாடியைச் சோதித்தார்கள். பலன் தெரியாததால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். தழும்பை வளர்க்கும் அதே மூலக்கூறுதான் அழற்சியை அடக்கவும் செய்கிறது என்பது இதிலுள்ள பெரிய சிக்கல்.

அந்த விவசாயியின் 1.1க்கு வருவோம். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்களில் பாதி அழிந்தாலும் மீதி கூடுதல் உழைப்பைப் போட்டு அந்த எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். படுக்கையில் கிடந்து தசை கரைந்தவருக்கு அது இன்னும் அழகாகத் தெரியும், ஏனென்றால் கிரியாட்டினின் வருவதே தசையிலிருந்துதான். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். அப்போது ரத்தத்தோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.