காதுக்குள் நாற்று வரிசை

உள்காதில் கேட்கும் செல்கள் எத்தனை மிச்சமிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டுமானால், முதலில் அவை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதுவே பெரும்பாடு. பட்டாணி அளவே உள்ள காக்ளியா என்ற நத்தைச் சுருளுக்குள் தாங்கும் செல்களும் நரம்பிழைகளும் சவ்வுகளும் நிறமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அவற்றுள் ஒரு சிறு கூட்டம்தான். மனிதக் காது ஒன்றில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. காதுக்கு வாய்த்தது இவ்வளவே. கோழிக்கு இவை செத்தால் மறுபடி முளைக்கின்றன. நமக்குப் போனது போனதுதான்.

ஆய்வகத்தில் இந்தச் செல்களைத் தேடுபவர்களின் கை பெரும்பாலும் முதலில் போவது ஒரே குப்பிக்குத்தான்: மயோசின் 7ஏ என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடி. அதைக் கொண்டு சாயமேற்றிய காக்ளியாவை நுண்ணோக்கியில் வைத்தால், இருட்டில் ஒரு வரிசையும் சற்றுத் தள்ளி மூன்று வரிசைகளுமாக மயிர்ச்செல்கள் ஒளிரும். கயிறு பிடித்து நட்ட நாற்றுப்போல அத்தனை ஒழுங்கு. ஜென்டாமைசின் போன்ற மருந்தாலோ பேரிரைச்சலாலோ செல்கள் செத்த இடங்களில் நாற்று விடுபட்டதுபோலக் கறுப்பு விழுந்திருக்கும். கறுப்பை எண்ணினால் சேதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்தக் குப்பிக்குள் இருப்பது எப்படி வேலை செய்கிறது?

மயோசின் என்றதும் தசை நினைவுக்கு வரும். ஏடிபி மூலக்கூறை எரிபொருளாகச் செலவழித்து, ஆக்டின் என்ற இழையைப் பற்றி இழுக்கும் புரத மோட்டார் அது. ஆனால் மனிதர்களிடம் மயோசின் மரபணுக்கள் சுமார் 40 உண்டு. அவற்றில் பலவற்றுக்குத் தசையோடு சம்பந்தமே இல்லை. 7ஏ அப்படிப்பட்ட ஒன்று. 2,215 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான புரதம். தலைப்பகுதி மோட்டார், கழுத்து நெம்புகோல், வால் மற்ற புரதங்களைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. வேகம் குறைவு. ஓடுவதைவிட, பிடித்த பிடியை விடாமல் நிற்பதற்குத் தோதான மோட்டார்.

இந்த 40 பேரில் ஒருவரை மட்டும் அடையாளம் காட்டும் ஆன்டிபாடி வேண்டும். தலையைக் காட்டினால் வேலைக்காகாது. தலைப்பகுதி எல்லா மயோசின்களிலும் ஒரே சாயல், அண்ணன் தம்பி முகம்போல. வால்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே வாலின் ஒரு துண்டை மட்டும் பாக்டீரியாவில் தயாரித்து முயலுக்கு ஊசி போடுகிறார்கள். முயலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாகக் கருதி, அதன்மேல் ஒட்டும் ஆன்டிபாடிகளைச் சுரக்கிறது. முயலின் சீரத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தால் குப்பி தயார். இதில் ஒரே வால் துண்டின் பல இடங்களில் ஒட்டும் பலவகை ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். அதனால் ஒளி பிரகாசமாக வரும். ஆனால் அடுத்த முயல் அச்சாக அதே கலவையைத் தராது.

மாறாத ஒரே வகைதான் வேண்டும் என்றால் 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்த வழி இருக்கிறது. ஆன்டிபாடி சுரக்கும் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்துவிட்டால், அது சாகாமல் பெருகி ஒரே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த இணைப்புச் செல்லுக்கு ஹைப்ரிடோமா என்று பெயர். 1984-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் இத்தகைய செல்களுக்கென்றே ஒரு வங்கி இருக்கிறது. மயோசின் 7ஏ-க்கான சுண்டெலி ஆன்டிபாடி ஒன்றும் அங்கே கிடைக்கிறது.

சாயமேற்றுவது சமையல் மாதிரி, பதம் தெரிய வேண்டும். காக்ளியாவை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஊறவைத்துத் திசுவை உறையச் செய்கிறார்கள். வளர்ந்த விலங்காக இருந்தால் எலும்பின் கால்சியத்தை ஈடிடிஏ கரைசலில் கரைக்க வேண்டும். அதற்கு நாள்கணக்கில் பொறுமை தேவை. பிறகு ட்ரைட்டான் என்ற சோப்புத்தன்மையுள்ள திரவத்தால் செல்சவ்வில் துளைகள் உண்டாக்குவார்கள். இல்லாவிட்டால் ஆன்டிபாடி உள்ளே நுழையாது. அடுத்து, ஆன்டிபாடி கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஆட்டுச் சீரத்தால் ஒரு பூச்சு. அதன்பின் முயல் ஆன்டிபாடியில் ஓர் இரவு, 4 டிகிரி குளிரில்.

காலையில் கழுவிவிட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. முயல் ஆன்டிபாடிக்குச் சொந்தமாக ஒளி கிடையாது. அதன்மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டும்: முயலின் ஆன்டிபாடியையே அந்நியமாகக் கருதும் ஆட்டின் ஆன்டிபாடி. ஒளிரும் சாயம் இதில்தான் கோக்கப்பட்டிருக்கிறது. ஒரு முயல் ஆன்டிபாடியின் மேல் பல ஆட்டு ஆன்டிபாடிகள் ஏறிக்கொள்வதால் ஒளி பலமடங்காகிறது. கூடவே ஃபலாய்டின் என்ற இன்னொரு சாயமும் சேர்ப்பதுண்டு. அது ஆக்டினைப் பற்றும். ஆளைக் கொல்லும் நச்சுக் காளான் ஒன்றிலிருந்து வந்த பொருள் அது. காது ஆய்வில் அன்றாடச் சரக்கு.

இவ்வளவு செய்து மயிர்ச்செல்லைக் கண்டுகொள்கிறோம். ஆனால் மயோசின் 7ஏ அங்கே என்ன செய்கிறது? அந்தக் கேள்விக்கான முதல் துப்பைக் கொடுத்தது சாயம் அல்ல, தலையை ஆட்டிக்கொண்டு தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வரும் ஒரு சுண்டெலி வம்சம். 1929-இலேயே அதை விவரித்து ஷேக்கர் என்று பெயரிட்டிருந்தார்கள். அவை செவிடு, உடல் சமநிலையும் இல்லை. 66 ஆண்டுகள் கழித்து, 1995-இல், அவற்றிடம் கெட்டுப்போயிருப்பது மயோசின் 7ஏ மரபணு என்று தெரிந்தது. அதே ஆண்டு மனிதரிடமும் அதே மரபணு பிடிபட்டது. அஷர் நோய்க்குறியின் 1பி வகை அதனால் வருகிறது. பிறவியிலேயே காது கேட்காது. குழந்தை நடக்கத் தாமதமாகும். பத்து வயதை ஒட்டி மாலைக்கண் தொடங்கி, பார்வை விளிம்பிலிருந்து சுருங்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே மணமுடிக்கும் நம் ஊர்களில் இதை வெறும் வெளிநாட்டுச் சங்கதியாகத் தள்ளிவிட முடியாது.

மயிர்ச்செல்லின் உச்சியில் படிக்கட்டுபோல உயரம் கூடிக்கொண்டே போகும் நுண்ணிய குச்சிகள் நிற்கின்றன. குட்டைக் குச்சியின் நுனியிலிருந்து அடுத்த நெட்டைக் குச்சியின் பக்கவாட்டுக்கு ஒரு மெல்லிய புரதக் கயிறு ஓடுகிறது. ஒலியலை குச்சிகளைச் சாய்க்கும்போது கயிறு இறுகும். இறுகினால், அயனிகள் என்ற மின்னேற்றத் துகள்கள் நுழையும் கதவு திறக்கும். செல் நரம்புக்குச் செய்தி அனுப்பும். மெல்லிய ஒலியில் குச்சி நகரும் தூரம் சில நானோமீட்டர்தான். அவ்வளவு சிறிய அசைவுக்கே கதவு திறக்க வேண்டுமென்றால் கயிறு முன்கூட்டியே முறுக்கேறி இருக்க வேண்டும். சுதி சேர்க்காமல் தொய்ந்து கிடக்கும் வீணைத் தந்தியை மீட்டிப் பயனில்லையே.

2002-இல் ஷேக்கர் எலிகளின் மயிர்ச்செல்களில் மின்னோட்டத்தை அளந்தபோது தெரிந்தது அந்தத் தொய்வுதான். கதவுகள் இருந்தன, ஆனால் இயல்பான ஒலி அசைக்கக்கூடிய தூரத்தைத் தாண்டி நெட்டித் தள்ளினால்தான் திறந்தன. பிருடையை முறுக்கும் கை மயோசின் 7ஏ-தானோ என்ற சந்தேகம் அங்கே வலுத்தது.

ஆனால் ஆன்டிபாடி காட்டிய படங்கள் அந்தச் சந்தேகத்துக்கு எளிதில் துணை வரவில்லை. 1997-இல் வெளியான விரிவான ஆய்வில், பாலூட்டிகளின் மயிர்ச்செல்லில் உடல் முழுதும், குச்சிகளின் நீளம் முழுதும் அது பரவித் தெரிந்தது. தவளையிலோ குச்சியின் அடிப்பக்கத்தில் ஒரு பட்டையாகக் குவிந்திருந்தது. கயிறு மேலே கட்டப்பட்ட இடத்தில் அது தனியாகத் துலங்கவில்லை. அந்த முறுக்கும் வேலைக்கு மயோசின் 1சி என்ற வேறொரு மோட்டாரைத்தான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் கணிப்பில் இந்த ஆன்டிபாடியின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: செல் முழுக்கப் பிரகாசிக்கிறது. எண்ணுவதற்கு அதைவிட வசதி வேறில்லை. ஆனால் ஊர் முழுக்க விளக்கெரியும்போது ஒரு வீட்டுத் திண்ணையில் எரியும் அகல் எப்படித் தெரியும்? தவிர, ஆன்டிபாடி பருமனான மூலக்கூறு. புரதங்கள் நெருக்கியடித்து நிற்கும் மூலைக்குள் அது நுழையாமலே போகலாம். பாராஃபார்மால்டிஹைடு அந்த வால் துண்டை மறைத்தும் இருக்கலாம். ஒளி இல்லாத இடத்தில் புரதமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

2011-இல் மயோசின் 7ஏ-யும் அதன் கூட்டாளியான சான்ஸ் புரதமும் கயிற்றின் மேல்முடிச்சிலேயே இருக்கின்றன என்று ஆன்டிபாடிகளைக் கொண்டே காட்டினார்கள். 2020-இல் வந்த எலி ஆய்வு, இந்த மயோசினில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு என்றும், உள்வரிசைச் செல்களில் முதன்மை வடிவத்தைக் குறைத்தால் கயிற்றின் முறுக்கும் குறைகிறது என்றும் சொன்னது. அந்த வடிவங்கள் வேறுபடுவது புரதத்தின் தொடக்க முனையில், அதாவது தலைப்பக்கம். வாலைப் பார்த்து அடையாளம் சொல்லும் ஆன்டிபாடிக்கு எல்லாமே ஒரே ஆள்தான்.

குப்பி நம்பகமானதா என்று சோதிக்கவும் இந்த எலி வம்சமே உதவுகிறது. புரதமே உருவாகாத எலியின் காக்ளியாவிலும் சாயம் ஒளிர்ந்தால், ஆன்டிபாடி வேறு எதிலோ ஒட்டுகிறது என்று பொருள். முயல் ஆன்டிபாடியை விட்டுவிட்டு ஆட்டினுடையதை மட்டும் போட்டுப் பார்ப்பது அடுத்த சோதனை. மூன்றாவது, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் வெஸ்டர்ன் பிளாட்: சுமார் 250 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) என்ற உயரத்தில் கோடு விழ வேண்டும்.

மரபணு சிகிச்சையில் இந்தக் கோட்டுக்குப் புது வேலை வந்திருக்கிறது. மயோசின் 7ஏ-யின் குறியீடு 6,600 எழுத்துகளுக்கு மேல்; சிகிச்சைக்கு வாகனமாகும் ஏஏவி வைரஸில் கொள்வது சுமார் 4,700. அதனால் மரபணுவை இரண்டாக வெட்டி, இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் போனபின் இணையவிடுகிறார்கள். ஷேக்கர் எலிகளின் கண்ணில் இந்த முறையைப் பரிசோதித்திருக்கிறார்கள். இரண்டு பாதிகளும் உண்மையிலேயே சேர்ந்தனவா என்று பார்க்க, திசுவை அரைத்து, பிளாட்டில் ஓட்டி, அதே ஆன்டிபாடியைத்தான் ஊற்ற வேண்டும். கோடு 250-இல் விழுந்தால் முழு மோட்டார் கிடைத்துவிட்டது. அதற்குக் கீழே விழுந்தால் கையில் இருப்பது வெறும் வால்.