பின்வரிசை மூட்டை

வங்கிகளுக்காக ஸ்டாக் ஆடிட், அதாவது கடன் வாங்கியவரின் சரக்கிருப்பைச் சரிபார்க்கப் போகும்போது, குடோன் வாசலிலேயே ஒரு பட்டியலைக் கையில் தந்துவிடுவார்கள். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நேராகச் சரக்கிடம் போவேன். ஒருமுறை முன்வரிசை மூட்டைகளில் நல்ல அரிசி, பின்வரிசையில் வெறும் தவிடு. அன்றிலிருந்து கடைசி வரிசையைக் குத்தூசியால் குத்திப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது பாட்டிசன் சகோதரர்களின் கதையைத்தான்.

ராபர்ட், வால்டர் இருவரும் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் பால்பொருள் மொத்த வியாபாரம் செய்தவர்கள். அப்புறம் விஸ்கிக்கு மாறினார்கள். விஸ்கி காய்ச்சும் வடிசாலைகளில் வாங்கி, கலந்து, தங்கள் பெயரில் விற்பது தொழில். பிரான்சில் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்து பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்ததால், விஸ்கிக்கு நல்ல காலம். 1896இல் பங்கு வெளியிட்டபோது மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். விஸ்கியின் பெயரைக் கூவப் பழக்கிய 500 சாம்பல் கிளிகளைக் கடைகளுக்குக் கொடுத்தார்கள் என்றால், விளம்பரத்துக்கு எப்படி இறைத்திருப்பார்கள் பாருங்கள்.

உள்ளே நடந்தது வேறு. விஸ்கி பல வருஷம் பீப்பாயில் கிடந்து முதிர வேண்டிய சரக்கு. நாளைக்கு என்ன விலை போகும் என்று யார் சொன்னாலும் மறுக்க முடியாது. இவர்கள் சரக்கைக் கடனுக்கு விற்று, வாங்கியவர் பின்னால் பணம் தருவதாக எழுதிக்கொடுத்த சீட்டை வங்கியில் கொடுத்துப் பணம் வாங்கினார்கள். பிறகு அதே சரக்கைக் கூடுதல் விலைக்குத் திருப்பி வாங்கினார்கள். பீப்பாய் இருந்த இடத்திலேயே இருந்தது. கணக்கில் மட்டும் அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அந்தக் காகித மதிப்பைக் காட்டிப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு என்று லாபப் பங்கும் கொடுத்தார்கள். மலிவான தானிய விஸ்கியில், முளைகட்டிய பார்லியில் காய்ச்சும் மால்ட் விஸ்கியைக் கொஞ்சம் சேர்த்து, பழைய கிளென்லிவெட் என்ற பேர்போன சரக்காக விற்றதும் உண்டு.

ஆகவே லாபக் கணக்கை மட்டும் பார்த்து எந்தக் கம்பெனியிலும் பணம் போடாதீர்கள். ஆண்டறிக்கையில் ரொக்க வரவு செலவு அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். லாபம் வருஷா வருஷம் ஏறுகிறது, ரொக்கம் மட்டும் வரவில்லை, சரக்கும் கடனும் சேர்ந்தே வீங்குகின்றன என்றால், விலகி நில்லுங்கள்.

1898 டிசம்பரில் எல்லாம் நின்றது. கடன் சுமார் 5 லட்சம் பவுண்டு. 1901இல் எடின்பரோ நீதிமன்றம் ராபர்ட்டுக்கு 18 மாதமும், வால்டருக்கு அதைவிடக் குறைவாகவும் சிறை விதித்தது.

எனக்கு மனசு ஆறாதது அடுத்தவர்கள் பட்ட பாடு. இவர்களை நம்பிப் பாதிப் பங்கு கொடுத்துக் கூட்டு சேர்ந்திருந்த கிளென்ஃபார்க்ளஸ் வடிசாலையின் கிராண்ட் குடும்பம், அந்தச் சுமையிலிருந்து மீளப் பல வருஷம் போராடியது. இவர்கள் விழுந்ததும் விஸ்கித் தொழிலே சரிந்தது. 1897இல் கட்டிய இம்பீரியல் வடிசாலை 1899இல் மூடப்பட்டது. ரோத்ஸ் ஊரில் கிளென் கிராண்ட் வடிசாலைக்காரர்கள் அதற்கு எதிரே 1898இல் இரண்டாவதாக ஒன்றைக் கட்டி, சாலைக்கு மேலே குழாய் போட்டு இரண்டையும் இணைத்திருந்தார்கள். 1902இல் பூட்டிய அந்த இரண்டாவது வடிசாலையில் மறுபடியும் அடுப்பு எரிந்தது 1965இல்தான்.