முதல் மழைக்குப் பிறகு வளவுக்குள் ஒரு சுற்று

கச்சான் காற்று அடங்கி, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நல்ல மழை ஒன்று விழுந்தால் போதும், திருகோணமலை வளவுகளின் நிறமே மாறிவிடும். காய்ந்து கிடந்த வேலியில் முசுட்டை படரும், குறிஞ்சா தளிர்க்கும், முருங்கை புது இலை விடும், கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் மண்டும். குளிர்நாடுகளில் இலை உதிர்கிற அதே மாதங்கள் எங்களுக்கு இலை பறிக்கிற மாதங்கள்.

இதே காலத்தில்தான் இரத்தச்சோகையோடு வரும் பெண்களையும் பார்க்கிறேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறிக் கிடக்கும். "இலைக்கறி சாப்பிடுறனீங்களா தங்கச்சி?" என்று கேட்டால், "ஓம் டொக்டர், கிழமையில நாலு நாள்" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்ரீயும் குடிப்பார்கள்.

இலைகளில் உள்ள இரும்புச்சத்து, மீன் இறைச்சியில் உள்ளதைப்போல இலகுவில் உடம்பில் சேராது. சேரக்கூடிய கொஞ்சத்தையும் தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் கட்டிப்போட்டுவிடும். தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை. அது இந்த ஊரில் நடக்காது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். இலைச் சுண்டலை அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும்; கொதிக்கக் கொதிக்க விட்டால் அந்தச் சத்து அழியும். முருங்கை இலைக்குள் ஒரு பிடி நெத்தலிக் கருவாடு போட்டுச் சுண்டுகிற பழைய வழக்கமும் சரியானதுதான். மீனோடு சேர்ந்தால் இலையின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும்.

சுண்டலில் போடும் தேங்காய்ப்பூவுக்கு, அதாவது துருவிய தேங்காய்க்குப் பயந்து, இலையை வெறும் தண்ணீரில் அவித்துச் சாப்பிடுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். இலையில் உள்ள, விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஒரு பிடி தேங்காய்ப்பூவால் யாருக்கும் மாரடைப்பு வராது. போத்தலில் அடைத்த முருங்கை இலைத்தூளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, முற்றத்து முருங்கையை ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற வீடுகளும் உண்டு. ஆடுகள் நல்ல சுகமாக இருக்கின்றன.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒன்று: கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசைக்கு இலைக்கறி பதிலாகாது. சலரோகக்காரருக்கும் அதே கதைதான். குறிஞ்சாச் சுண்டலை விரும்பிச் சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பிக் குளிசையை நிறுத்திவிட்டு வராதீர்கள். அடையாளம் தெரியாத இலையைப் பறிக்கவும் வேண்டாம்.

வளவைக் கூட்டிக் குப்பைக்கு நெருப்பு வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. புகை பக்கத்து வீட்டு முட்டு வருத்தக்காரரைத்தான் முதலில் தாக்கும். சருகை வாழையடியில் குவித்துவிடுங்கள், ஈரம் காக்கும். ஐப்பசியளவில் இந்தியாவிலிருந்து வந்திறங்கும் ஆறுமணிக்குருவியும் சருகைக் கிளறித்தான் புழு பூச்சி தின்னும். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூப்பிடும் அந்தக் குருவிக்காகவே நான் வேலியோரம் கூட்டுவதில்லை.

சிரட்டை, உடைந்த சட்டி, ரயர் மட்டும் இருக்கக்கூடாது. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த சிரட்டையில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மழைத்தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, உரஞ்சிக் கழுவவேண்டும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாப் பக்கம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

இனிப் பனை. ஆவணியில் விழுந்த பழத்தைப் பிசைந்து பணியாரம் சுட்டாயிற்று. மிச்ச விதைகளை எறியாமல் மணலில் பாத்தி போட்டு அடுக்கினால், மழையே தண்ணீர் ஊற்றும். மார்கழி தையில் கிழங்கு கிண்டலாம். பிள்ளைகளுக்கு வளவில் இதைவிட நல்ல விளையாட்டு எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அவித்துத் தின்றது போக மீதியைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்.

"சலரோகக்காரர் கிழங்கு தின்னலாமோ டொக்டர்?" என்று வருடா வருடம் கேட்பார்கள். தின்னலாம். நார்ச்சத்து நிறைய உண்டு, ஆனால் மாச்சத்தும் உண்டு. சோற்றைக் குறைத்துவிட்டு இரண்டு கிழங்கு தின்னுங்கள், சோறும் தின்று அதற்கு மேல் அல்ல. பிரஷர்காரர் மிளகு, உள்ளி, பச்சைமிளகாய் போட்டுக் கிழங்கை இடிக்கும்போது உப்பில் மட்டும் கையை இறுக்கிக்கொள்ளுங்கள்.